தபாலில் போகும் குரல்

2019 அக்டோபரில் பிரான்சில் இருக்கும் என் அக்காள் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். நம் புதுச்சேரிக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அங்கே உறவு உண்டு என்பதால் இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒருநாள் தான் வேலை செய்யும் இடத்தைக் காட்ட என்னை அழைத்துப் போனான். பாரீசின் புறநகர்ப் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் நடுத்தர நிறுவனம். மேசைகளைப் பார்த்தபடியே நடந்தேன். ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: ஒரு மேசையிலும் தொலைபேசி இல்லை.

"போன் எங்கேடா?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ளதான் இருக்கு மாமா" என்று மடிக்கணினியைக் காட்டினான்.

திரையின் ஓரத்தில் அவனோடு வேலை செய்பவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சை என்றால் இருக்கையில் இருக்கிறார், சிவப்பு என்றால் பேசிக்கொண்டிருக்கிறார் அல்லது கூட்டத்தில் இருக்கிறார், மஞ்சள் என்றால் எழுந்து போயிருக்கிறார். பெயரைத் தொட்டால் பேசலாம், முகம் பார்க்கலாம், எழுதி அனுப்பலாம். யாராவது அழைத்து இவன் எடுக்காவிட்டால் அவர்கள் விட்டுப்போன குரல் அஞ்சல் மின்னஞ்சலில் வந்து விழும். தொலைபேசி, கடிதம், கூட்டம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். இதற்கு ஒருங்கிணைந்த தொடர்பு என்று பெயராம்.

நான் அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எனக்கு முன்பே தெரியும். எங்கள் அலுவலகத்தில் அந்த வேலையை ஒரு அம்மாள் செய்துகொண்டிருந்தார்.

நான் அரசு வேலையில் சேர்ந்த எழுபதுகளில், எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில், ஒரு சிறிய அறை இருந்தது. அதில் ஒரு மரப் பலகை. பலகை நிறையத் துளைகள், துளைகளுக்குமேல் குட்டிக் குட்டி விளக்குகள், கீழே துணி சுற்றிய கயிறுபோலத் தொங்கும் கம்பிகள். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் விளக்கு எரியும். ஆப்பரேட்டர் அக்கா ஒரு கம்பியை அந்தத் துளையில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மறுமுனையை அந்த அதிகாரியின் எக்ஸ்டென்ஷன் துளையில் செருகுவார். பேசி முடிந்ததும் பிடுங்குவார். தொலைபேசித் தொழில்நுட்பம் என்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. அண்டர் செக்ரட்டரி இப்போது கேன்டீனில் இருக்கிறார், அங்கே போட்டால் கிடைப்பார். சூப்பரின்டென்டென்ட் இருக்கையில் இருக்கிறார், ஆனால் இந்த ஆளிடம் பேச விரும்ப மாட்டார். டைரக்டர் சென்னை போயிருக்கிறார், நாளை மதியம் வருவார். யாரிடம் எந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு நீளமான நோட்டில் பென்சிலால் எழுதிவைப்பார்.

வெளியூர் பேசுவதானால் ட்ரங்க் கால். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகுப்புகள். நம் வாசகர்கள் எல்லோரும் லைட்னிங் கால் கட்டணத்தைப் பார்த்து மூச்சை நிறுத்தியவர்கள்தான், விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கா அந்தக் கம்பியைச் செருகினால், பேச்சு முடியும்வரை அந்தக் கம்பி அந்த இருவருக்கு மட்டுமே சொந்தம். அவர்கள் பேசினாலும், பேசாமல் காகிதம் தேடிக்கொண்டிருந்தாலும், வேறு யாரும் அதில் நுழைய முடியாது. எங்கள் அலுவலகத்துக்கு வெளிக் கம்பிகள் ஐந்து என்றால், ஆறாவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான். ஒரே ஒரு பயணிக்காக ரயில் பாதை முழுவதையும் மூடிவைப்பதுபோல. அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891ல் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு கம்பியைச் செருகும் கைக்குப் பதில் இயந்திரம் வந்ததே தவிர, கம்பியைப் பிடித்துவைக்கும் கொள்கை மாறவில்லை. சுமார் நூறு வருடம் உலகத் தொலைபேசி முழுவதும் அந்தக் கொள்கையில்தான் ஓடியது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சு என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்ற எண்ணத்திலேயே வளர்க்கப்பட்டவன். ஊர் திரும்பியதும் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். பள்ளியில் அடிவாங்கிக் கற்ற மொழி ஐம்பது வருடம் கழித்து இதற்கு உதவியது. படித்ததில் முதல் அதிர்ச்சி, அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் பிரான்சின் தொலைபேசி நம் ஊரைவிட அப்படியொன்றும் மேலாக இல்லை என்பது. இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பிரான்சில் பாதிப் பேர் தொலைபேசிக்காகவும், மீதிப் பேர் டயல் டோனுக்காகவும் காத்திருக்கிறார்கள் என்று ஒரு வேடிக்கைப் பேச்சே இருந்தது. ஃபெர்னான் ரேனோ என்ற நகைச்சுவை நடிகர் ஐம்பதுகளில் ஒரு காட்சி நடித்தார். பாரீசிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் அஸ்னியேருக்கு இணைப்புக் கேட்டு அலுத்துப்போகும் ஒருவன், கடைசியில் நியூயார்க்கைக் கேட்டு, அங்கிருந்து அஸ்னியேருக்குப் போடச் சொல்கிறான். எங்கள் ஆசிரியர் ஒருவர் இதை வகுப்பில் நடித்தே காட்டுவார். நாங்கள் சிரித்தோம், ஆனால் அது நகைச்சுவை மட்டுமில்லை என்று அப்போது தெரியாது.

அதே பிரான்சில்தான் குரலை எண்ணாக மாற்றும் யோசனையும் பிறந்தது. அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் பாரீசில் ஐ.டி.டி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். குரல் அலையை அப்படியே கம்பியில் அனுப்புவதற்குப் பதில், அதன் உயரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து, அந்த எண்களை மட்டும் அனுப்பினால் வழியில் எவ்வளவு இரைச்சல் சேர்ந்தாலும் மறுமுனையில் சுத்தமாகத் திரும்ப எழுப்பலாம் என்று கண்டார். 1938ல் பிரான்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு வருடத்தில் ஜெர்மன் படை வந்தது, அவர் இங்கிலாந்துக்குத் தப்பினார். வால்வுகளை வைத்து அதைச் செய்வது கட்டுப்படியாகாது. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அந்த யோசனைக்கு உயிர் வந்தது. பின்னாளில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இது: விநாடிக்கு 8000 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 8 பிட்டுகள், ஆக விநாடிக்கு 64,000 பிட்டுகள். ஒரு மனிதக் குரலின் எடை அவ்வளவு.

1970ல் பிரித்தானிப் பகுதிக் கடற்கரையில் பெரோஸ்-கிரெக் என்ற ஊரில் அப்படி எண்களாகவே குரலை இணைக்கும் இணைப்பகத்தைப் பிரெஞ்சுப் பொறியாளர்கள் திறந்தார்கள். ஈ-10 என்று பெயர். எண்பதுகளில் அதன் அடுத்த வடிவமான ஈ-10பி இணைப்பகங்களை நம் நாட்டிலேயே, உத்தரப் பிரதேசத்து மன்காபூரில், ஐ.டி.ஐ. தொழிற்சாலை தயாரிக்கத் தொடங்கியது. எண்பதுகளின் கடைசியில் திடீரென்று எஸ்.டி.டி. சுளுவாகக் கிடைக்க ஆரம்பித்ததே, அதில் சி-டாட்டின் பங்கு போல பிரித்தானிப் பொறியாளர்களின் பங்கும் உண்டு. ஆனால் அப்போதும் கம்பியைப் பிடித்துவைக்கும் பழக்கம் போகவில்லை. துணிக் கம்பிக்குப் பதில் 64,000 பிட்டுகள் கொண்ட ஒரு தனி வழியைப் பிடித்துவைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தை அசைத்துப் பார்த்தவர்களில் ஒருவர்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர். லூயி பூசென், 1931ல் பிறந்த பிரெஞ்சுப் பொறியாளர். எழுபதுகளின் தொடக்கத்தில், பாரீசுக்குப் பக்கத்து ரொக்கான்கூரில் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில், சிக்லாத் என்ற கணினி வலைப்பின்னலைக் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. செய்தியைச் சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பும் வழக்கம் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் 1969லேயே வந்துவிட்டது. ஆனால் அங்கே, பொட்டலங்கள் வரிசை மாறாமல், தொலையாமல் போய்ச் சேரும் பொறுப்பை வலைப்பின்னலே எடுத்துக்கொண்டது. பூசென் அதைத் தேவையில்லை என்றார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் தபால் பிரிவில் இருந்தவன். எனக்கு இது உடனே விளங்கியது. ஒரு நீண்ட அறிக்கையை வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டாகக் கட்டி, ஒரு பியூனிடம் கொடுத்து, அவர் திரும்பி வரும்வரை அவரை வேறு வேலைக்கு விடாமல் இருக்கலாம். இது தொலைபேசிக்காரர் வழி. அல்லது ஒவ்வொரு தாளையும் தனி உறையில் போட்டு, ஒவ்வொரு உறையிலும் முகவரியும் வரிசை எண்ணும் எழுதி, ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையப் பெட்டியில் போட்டுவிடலாம். ஒன்று விழுப்புரம் வழியாகப் போகும், இன்னொன்று கடலூர் வழியாகப் போகும், ஏழாவது தாள் மூன்றாவதற்கு முன்னால் போய்ச் சேரும். தபால்காரருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, உறைக்குள் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. பெற்றுக்கொள்ளும் குமாஸ்தா எண் பார்த்து அடுக்குவார், நான்காவது வரவில்லையென்றால் எழுதிக் கேட்பார். நடுவில் இருப்பவன் முட்டாளாகவே இருக்கலாம், இரண்டு முனைகளிலும் இருப்பவர்கள் விவரமாக இருந்தால் போதும். இதுதான் பூசெனின் வழி. அந்தத் தனி உறைக்கு டேட்டாகிராம் என்று பெயர், டேட்டாவும் டெலிகிராமும் சேர்ந்து பிறந்த சொல்.

சிக்லாத்தின் பொட்டலம் கடத்தும் பகுதிக்குச் சிகால் என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் சிள்வண்டு என்று பொருள். ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஒலிபெருக்கி இருந்ததாம், ஒரு பொட்டலம் கடந்துபோனால் 'சிர்' என்று ஒரு சத்தம். கூடம் முழுவதும் சிள்வண்டுகள். 1973 நவம்பரில் செய்துகாட்டினார்கள். அவருடைய குழுவிலிருந்த ஜெரார் லெ லான் அமெரிக்காவுக்குப் போய் வின்ட் செர்ஃபோடு வேலை செய்தார். செர்ஃபும் பாப் கானும் 1974ல் வெளியிட்ட, இன்றைய இணையத்தின் அடிப்படையான கட்டுரையில் பூசெனின் யோசனைகளின் தடம் இருக்கிறது. செர்ஃபே அதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

ஆனால் பிரான்சில் கம்பிகள் அஞ்சல் தந்தி தொலைபேசித் துறையின் கையில் இருந்தன. அவர்களுக்கு நடுவில் இருப்பவன் முட்டாளாக இருக்கலாம் என்ற பேச்சே பிடிக்கவில்லை. நடுவில் இருந்தது அவர்கள் அல்லவா! அவர்கள் பொட்டலத்தை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்கூட்டியே ஒரு கற்பனைக் கம்பியைப் பிடித்துவைத்து, அதன் வழியே வரிசையாகத்தான் போக வேண்டும் என்றார்கள். 1976ல் அது எக்ஸ்.25 என்ற சர்வதேசத் தரமானது. 1978 டிசம்பரில் அந்த முறையில் ட்ரான்ஸ்பாக் என்ற தேசிய வலைப்பின்னலைத் திறந்தார்கள். ஒரு அரசுக்கு இரண்டு வலைப்பின்னல் எதற்கு? எழுபதுகளின் கடைசியில் சிக்லாத்துக்குப் பணம் நின்றது. 1981ல் சிள்வண்டுகள் ஓய்ந்தன.

அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை. அதே துறைதான், ஜெரார் தேரி தலைமை ஏற்ற பிறகு, டயல் டோனுக்குக் காத்திருந்த நாட்டில் சில வருடங்களுக்குள் வீட்டுக்கு வீடு தொலைபேசி கொண்டுவந்தது. ட்ரான்ஸ்பாக்கின் மேல்தான் மினிடெல் ஓடியது. இங்கிருந்து போய்க் குடியேறிய நம் சொல்தாக்கள் வீட்டிலெல்லாம் பழுப்பு நிறப் பெட்டி ஒன்று இருக்குமே, ரயில் டிக்கெட் எடுப்பார்கள், தொலைபேசி எண் தேடுவார்கள். அமெரிக்காவில் சாதாரண வீடுகளில் யாரும் இணையத்தைக் கேள்விப்படாத காலம் அது. மினிடெல் 2012 ஜூன் 30 வரை ஓடியது. வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தது, அதனால் அடுத்தது கண்ணில் படவில்லை. 1994ல் அதே தேரி அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், வணிகச் சேவைகளுக்கு இணையம் ஏற்றதல்ல என்ற கருத்து இருந்தது. பெரிய படிப்புப் படித்தவர்.

கோப்பில் குறிப்பு எழுதுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்துக்கு எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வாங்கினார்கள். அதற்கான கோப்பை நடத்தியவன் நான்தான். அழைப்பவர் தானே எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்திக்கொள்ளலாம், பதிவு செய்த குரல் வழிகாட்டும், ஆகவே ஆப்பரேட்டர் பணியிடம் தேவைப்படாது, வருடத்துக்கு இவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, ஆணைக்காகச் சமர்ப்பித்தேன். மூன்று நாளில் கையெழுத்தாகி வந்தது. கணக்கில் தப்பே இல்லை. அக்காவைப் பதிவறைக்கு மாற்றினார்கள். அந்தப் பென்சில் நோட்டை என்ன செய்வது என்று என்னிடம்தான் வந்து கேட்டார். வேண்டியதில்லை என்றேன். அதன் பிறகு வெளியூரிலிருந்து பேசிய கிராமத்து ஆட்கள் பதிவு செய்த குரலோடு மல்லுக்கட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அதிகாரி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, எதிரில் பார்த்தால் எப்போதும்போலச் சிரிப்பார். குறிப்பில் என் கையெழுத்து இருந்தது அவருக்குத் தெரியும்.

சரி, தபாலில் போட்ட குரலுக்கு வருகிறேன். எழுத்துக்கு இந்த முறை பொருந்தும், குரலுக்கு எப்படிப் பொருந்தும் என்று தொலைபேசிக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தாள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் படிக்கலாம், 'ஹலோ' தாமதமாக வந்தால் என்ன பயன்? 1974 ஆகஸ்டில் டேனி கோஹன் என்பவரும் அவர் சகாக்களும் கலிபோர்னியாவுக்கும் மாசசூசெட்ஸுக்கும் இடையே அர்ப்பாநெட் வழியாகக் குரலைப் பொட்டலங்களாக அனுப்பினார்கள். அப்போது ஒரு விஷயம் தெளிவானது. தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லும் ஒழுங்குதான் குரலைக் கெடுக்கிறது. ஒரு அசை விழுந்துபோனால் போகட்டும், கேட்பவர் காது நிரப்பிக்கொள்ளும். அதைத் தேடிக் கொண்டுவர நின்றால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும். இதற்காகவே, இணையத்தின் விதிகளில் முகவரி பார்த்து அனுப்பும் வேலையையும் தொலைந்ததைச் சரிபார்க்கும் வேலையையும் 1978 வாக்கில் இரண்டாகப் பிரித்தார்கள். எழுத்துக்குப் பதிவுத் தபால், குரலுக்குச் சாதாரணத் தபால் என்று சொல்லலாம். 1980ல் ஜான் போஸ்டல் அந்தச் சாதாரணத் தபாலுக்கு மூன்றே பக்கத்தில் விதி எழுதினார். யு.டி.பி. என்று பெயர். நீங்கள் இன்று வாட்ஸ்அப்பில் பேரனோடு பேசும்போது குரல் பெரும்பாலும் அதன் மேல்தான் போகிறது. பூசென் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

1995ல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் இரண்டு கணினிகளுக்கு நடுவே பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 வரை இது அனுமதிக்கப்படவில்லை. வெளிநாட்டு அழைப்பு முழுவதும் வி.எஸ்.என்.எல். கையில் இருந்தது, அந்த ஏகபோகமும் அதே நாளில்தான் முடிந்தது. அதன் பிறகு நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் காதில் கருவி மாட்டிக்கொண்டு பிரான்சோடு கத்திப் பேசிய தாய்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐ.எஸ்.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துப் பேசிய பழக்கம் அவர்களுக்கு. திடீரென்று அரை மணி நேரம் பேசலாம் என்றதும் என்ன பேசுவதென்று தெரியாமல், சமையல் முதல் ஆரம்பித்தார்கள்.

நிறுவனங்கள் இதை விரும்பியதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு மேசைக்கும் கணினிக்கு ஒரு கம்பி, தொலைபேசிக்கு ஒரு கம்பி என்று இரண்டு இழுத்து, இரண்டுக்கும் ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. குரலும் பொட்டலம்தான் என்றால் ஒரே கம்பி போதும். கிளை அலுவலகங்களுக்கு நடுவே பேசுவதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. 1996ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு விதியைத் தந்தது, தொலைபேசிக்காரர்கள் எழுதியது, கனமானது. 1999ல் ஹென்னிங் ஷுல்ஸ்ரின், மார்க் ஹேண்ட்லி முதலியோர் எழுதிய சிப் என்ற விதி வந்தது, எழுத்தில் படித்தாலே புரியக்கூடியது. அதே 1999ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சிறிய நிறுவனத்துக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கப் பணம் இல்லாததால், சாதாரணக் கணினியிலேயே ஓடும் எக்ஸ்சேஞ்சைத் தானே எழுதி, ஆஸ்டரிஸ்க் என்று பெயர் வைத்து இலவசமாக வெளியிட்டார். எங்கள் அலுவலகத்தில் டெண்டர் விட்டு, அலமாரி அளவில் வாங்கி, குளிர்சாதன அறையில் வைத்ததை இப்போது ஒரு பையன் இரவில் இறக்கிக்கொள்ளலாம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று மருமகன் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் அதிலுள்ள தொலைபேசி, நிறுவனத்தின் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: இன்னார் வந்துவிட்டார், இன்று இந்த முகவரியில் இருக்கிறார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆப்சென்ட். யாராவது அழைத்தால், சர்வர் பதிவேட்டைப் பார்த்து அந்த முகவரிக்கு அழைப்பிதழ் அனுப்புகிறது. மணி அடிக்கிறது என்றால் 180 என்று பதில், எடுத்துவிட்டார் என்றால் 200, வேறு பேச்சில் இருக்கிறார் என்றால் 486. அரசாங்கப் படிவம்போல எல்லாவற்றுக்கும் எண். இரண்டு பேரும் இணைந்ததும் சர்வர் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளலாம், குரல் பொட்டலங்கள் நேராகவே போகும்.

குரலைப் பொதுவாக 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள், விநாடிக்கு 50 உறைகள். பழைய 64,000 கணக்குப்படி ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதற்குமேல் முகவரியும் வரிசை எண்ணும் நேரமும் எழுத 40 பைட். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு உறைதான். மறுமுனையில் ஒரு சின்னக் காத்திருப்பு அறை உண்டு. முன்பின்னாக வருபவற்றை எண் பார்த்து அடுக்கி, சீராக வெளியே விடும். அந்த அறையைப் பெரிதாக்கினால் குரல் தெளிவாக இருக்கும், ஆனால் பதில் தாமதமாகும். வாயிலிருந்து காதுக்கு 150 மில்லிவிநாடிக்குள் போனால் மனிதர்களுக்கு உறுத்தாது என்பது கணக்கு. அதைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் ஒருவர் இடறிக்கொள்வோம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது கட்டணம் குறைந்தது இல்லை. எண் மேசையை விட்டுக் கழன்று ஆளோடு ஒட்டிக்கொண்டது. பழைய எக்ஸ்டென்ஷன் ஒரு துளையின் எண். புதியது ஒரு ஆளின் எண், அவர் எங்கே கையெழுத்துப் போட்டாலும் அங்கே மணி அடிக்கும். இருக்கிறாரா, பேசுகிறாரா, எழுந்து போனாரா என்ற புள்ளியும் அந்தப் பதிவேட்டின் நீட்சிதான். நாங்கள் பணியிடத்தை ஒப்படைத்தபோது கணக்கில் சேர்க்காமல் விட்டதும் அதுதான். நான் வாங்கிய இயந்திரத்துக்குக் கம்பியை மாற்றத் தெரியும், கேன்டீன் தெரியாது. மாடிப்படி அறையில் பென்சில் நோட்டில் இருந்ததை இயந்திரம் ஏதோ ஒரு அளவுக்காவது கற்றுக்கொள்ள இன்னும் சில வருடங்கள் பிடித்தன. இந்த ஆளிடம் சூப்பரின்டென்டென்ட் பேச விரும்ப மாட்டார் என்பதை இன்னும் கற்கவில்லை.

பூசெனுக்கு 2013ல் இங்கிலாந்து ராணியின் பெயரில் பொறியியலுக்கான முதல் பரிசு கிடைத்தது. செர்ஃப், கான், டிம் பெர்னர்ஸ்-லீ, மார்க் ஆண்ட்ரீசென் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு எண்பது கடந்துவிட்டது. அவருடைய கோப்பை மூடிய துறையின் வாரிசான ஆரஞ்சு நிறுவனம் 2018 நவம்பரில் பழைய முறைத் தொலைபேசி இணைப்புகளைப் புதிதாக விற்பதை நிறுத்தியது. 2030க்குள் செம்புக் கம்பிகளையே மூடுவதாகத் திட்டம். இனி அவர்களுக்கும் குரல் பொட்டலம்தான்.

எல்லாம் லாபம் என்று சொல்ல மாட்டேன். பழைய தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது, 48 வோல்ட், பின்னால் பெரிய பெரிய மின்கலங்கள். வீட்டில் கரண்ட் போனாலும் டயல் டோன் இருக்கும். புயல் இரவுகளில், கம்பி அறுந்து விழாத தெருக்களில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாம் உறவினரை விசாரித்தது அப்படித்தான். இணையத் தொலைபேசிக்கு அந்தப் பாட்டன் சொத்து இல்லை. மோடம், சுவிட்ச், கணினி எதில் கரண்ட் போனாலும் பேச்சு போயிற்று. நடுவில் இருப்பவன் முட்டாளாக இருக்கலாம் என்று விட்டபோது, அவன் நமக்காகச் சுமந்துகொண்டிருந்த பேட்டரியையும் சேர்த்துத்தான் விட்டோம்.

அந்த அக்டோபர் நாளில் கிளம்பும்போது லிஃப்டில் இறங்கினோம். உள்ளே மணிப் படம் போட்ட ஒரு மஞ்சள் பொத்தான். இந்தக் கட்டடத்தில் பழைய செம்புக் கம்பி எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். மருமகன் அந்தப் பொத்தானைக் காட்டினான். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உதவிக்கு ஆள் கூப்பிட, அதற்கு மட்டும் ஒரு பழைய இணைப்பு வைத்திருந்தார்கள். கரண்ட் போனால்தானே லிஃப்ட் நிற்கும்.

ஐந்து மாதம் கழித்து, 2020 மார்ச் 17ஆம் தேதி நண்பகல் முதல் பிரான்சு முழுவதும் வீட்டுக்குள் அடைந்தது. அவன் அலுவலகத்தில் அன்று மாலையே எல்லோருடைய தொலைபேசியும் அவரவர் சமையலறையில் ஒலித்ததாம், வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியவில்லை. இங்கே எங்கள் பழைய அலுவலகத்தில் ஊரடங்கு முழுக்க மூடிய அறைகளில் மணி அடித்துக்கொண்டிருந்தது என்று வாட்ச்மேன் சொன்னார்.

போன மாதம் மருமகன் பேசும்போது விசாரித்தேன். லிஃப்டின் கம்பியையும் எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பதில் சிம் கார்டு போட்ட ஒரு சின்னப் பெட்டி. பேட்டரி உண்டு என்றான். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டேன். "தெரியல மாமா, கேட்டுச் சொல்றேன்" என்றான். இன்னும் சொல்லவில்லை.